நாவறியாக் கேடு: கிணற்று நீரைச் சோதித்த கதை

1

தமிழில் நீருக்கு வழங்கும் பெயர்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்போம். நன்னீர், உவர்நீர், சவர்த்தண்ணீர், தெளிநீர், கலங்கல், சப்புத்தண்ணீர் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் இந்தப் பட்டியல் நீளும். இவை அத்தனையும் நாக்கும் கண்ணும் சேர்ந்து சூட்டிய பெயர்கள். புதுக்கிணற்றில் ஊற்றுக் கண்டதும் ஊரில் மூத்தவர் ஒருவர் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பருப்பு வேக எடுத்துக்கொள்ளும் நேரம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்யும். நீர் கலங்கலாயிருந்தால் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைப்பார்கள். உவர்ப்பு மாற நெல்லிக்கட்டையைக் கிணற்றுள் இறக்குவார்கள். நீரைச் சோதிக்கும் கலை நம்மிடம் இருந்தது. அக்கலையின் கருவி மனித உடம்பு.

அந்தக் கருவி முற்றாகத் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. நைட்ரேட் என்னும் உப்பு நீரில் கரைந்திருந்தால் அதற்கு நிறமில்லை, மணமில்லை. கிணறுகளில் காணப்படும் அளவுகளில் சுவையும் தெரிவதில்லை. பருப்பு வேகும். துணி வெளுக்கும். தாத்தா அந்த நீரைக் குடித்தே தொண்ணூறு வயது வாழ்ந்திருப்பார். அதே நீரில் கரைத்த பாலைக் குடித்த இரண்டு மாதக் குழந்தையின் உதடுகள் நீலம் பாயும்.

கிணற்று நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கம் எப்படிப் பிறந்தது, அது எதைச் சாதித்தது, எங்கே நின்றுபோனது என்பதை இக்கட்டுரையில் பின்தொடர முயல்கிறோம். கதையின் பெரும்பகுதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிகழ்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் அடிவானம் வரை விரிந்து கிடக்கும் நிலம் அது. கதையின் ஒரு கிளை, ஒத்த மண்ணமைப்பின் காரணமாக, யாழ்ப்பாணத்துக்கும் வருகிறது.

2

நைட்ரேட்டை அளக்கும் வழக்கம் அதனை நஞ்சென்று அறிவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது என்பது இந்த வரலாற்றின் முதல் விசித்திரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாநகரம் வாந்திபேதியால் மீண்டும் மீண்டும் சூறையாடப்பட்டது. 1854இல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், பிராட் தெருவின் நீரேற்றியைச் சுற்றி மரணங்கள் குவிந்திருப்பதைக் காட்டினார். கழிவுநீர் கலந்த குடிநீரே கொல்கிறது என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. ஆனால் தெளிவாகத் தோன்றும் நீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? நுண்ணுயிரியல் அப்போது பிறக்கவில்லை. வேதியியலாளர்களிடம்தான் அந்தக் கேள்வி போயிற்று.

இலண்டன் குடிநீரின் அதிகாரபூர்வ ஆய்வாளராக 1865 முதல் பணியாற்றிய எட்வர்ட் பிராங்க்லாண்ட் அதற்கு ஒரு விடை சொன்னார். மனித, விலங்குக் கழிவிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்குள் இறங்கும்போது படிப்படியாக மாறிக் கடைசியில் நைட்ரேட்டாக முடிகிறது. ஆகவே நீரில் நைட்ரேட் மிகுந்திருந்தால் அந்நீர் என்றோ ஒருநாள் சாக்கடையோடு உறவாடியிருக்கிறது. இதனை அவர் 'முந்தைய கழிவுக் கலப்பு' என்ற தலைப்பில் எண்ணாகவே கணக்கிட்டு வெளியிட்டார். வேறு வேதியியலாளர்கள் இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார்கள். வாங்க்ளின் என்பவர் அம்மோனியாவை அடிப்படையாகக் கொண்ட மாற்றுமுறை ஒன்றை முன்வைத்தார். இருவருக்குமிடையே ஆண்டுக்கணக்கில் மூண்ட சண்டை அறிவியல் வரலாற்றில் தனி அத்தியாயம்.

பிராங்க்லாண்டுக்கு நைட்ரேட் ஒரு சாம்பல். அடுப்பு எரிந்து தணிந்ததற்குச் சாட்சி; சாம்பல் தானாக யாரையும் சுடாது. மண்ணில் இந்த மாற்றத்தை நிகழ்த்துபவை உயிருள்ள நுண்ணுயிர்களே என்று 1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், முண்ட்ஸ் ஆகிய இருவர் காட்டிய பிறகும் இந்தக் கருத்து மாறவில்லை.

அளக்கும் நுட்பமோ வளர்ந்துகொண்டேயிருந்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் பீர் வடிக்கும் ஆலையொன்றில் வேதியியலாளராக இருந்த பீட்டர் கிரீஸ், 1879இல் நைட்ரைட்டைக் கண்டறியும் சாயச் சோதனையை விவரித்தார். நீரில் சிறிதளவு நைட்ரைட் இருந்தாலும் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாகக் குறைத்துவிட்டு இதே சோதனையைச் செய்யலாம். இன்று பள்ளிப் பிள்ளைகள் கிணற்று நீரில் தோய்த்துப் பார்க்கும் காகிதப் பட்டையில் தோன்றும் இளஞ்சிவப்பு அந்த ஆலையின் மரபில் வந்ததுதான்.

3

இரண்டாம் உலகப்போர் முறைப்படி முடிவுற்றது 1945 செப்டம்பர் 2ஆம் நாள். ஆறு நாட்கள் கழித்து, செப்டம்பர் 8ஆம் நாளிட்ட அமெரிக்க மருத்துவக் கழக இதழில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவரின் கட்டுரை வெளியாயிற்று. அயோவாவின் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த இரண்டு கைக்குழந்தைகளைப் பற்றியது அது.

குழந்தைகள் நீலம் பாய்ந்திருந்தன. இதயத்திலும் நுரையீரலிலும் அதற்கேற்ற குறை எதுவும் தென்படவில்லை. எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. மருத்துவமனையில் தேறிய குழந்தை வீடு திரும்பியதும் மறுபடி நீலமாயிற்று. குற்றவாளி வீட்டில் இருக்கிறான் என்று ஊகிக்க இதுவே போதும். காம்லி குழந்தைகளின் பாலைக் கரைத்த நீரைத் தேடிச் சென்றார். பண்ணைவீட்டுக் கிணறுகள் அவை. அவற்றின் நீரில் நைட்ரேட் மிகுந்திருந்தது.

நிகழ்ந்ததை இப்படிச் சுருக்கலாம். பச்சிளங்குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே தங்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் இரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினிலுள்ள இரும்பின் நிலையை மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய ஹீமோகுளோபினுக்கு மெத்தீமோகுளோபின் என்று பெயர். அதனால் உயிர்வளியைச் சுமக்க இயலாது. குழந்தை மூச்சை இழுக்கிறது, காற்று உள்ளே போகிறது, ஆயினும் உடம்பு திணறுகிறது. மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை ஊசிமூலம் செலுத்தினால் இரத்தம் பழைய நிலைக்குத் திரும்பும். நீலத்தை நீலம் போக்கும் இந்த வைத்தியம் அப்போதே மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதில் மிகக் கொடியது ஒன்றுண்டு. குழந்தைக்குக் கொடுக்கும் நீரைக் காய்ச்சவேண்டும் என்பது சுகாதாரத்தின் அரிச்சுவடி. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். கூடுதல் அக்கறையோடு கூடுதல் நேரம் கொதிக்கவிட்ட தாயே அறியாமல் கூடுதல் நஞ்சை ஊட்டினாள். அக்கறையைக் கேடாக மாற்றும் வல்லமை இந்த நஞ்சுக்கு இருந்தது.

குடிநீரில் நைட்ரேட்-நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமை, மிஞ்சிப்போனால் 20ஐ, தாண்டக்கூடாது என்று காம்லி பரிந்துரைத்தார். பிராங்க்லாண்டின் சாம்பல் இப்போது நெருப்பாகிவிட்டது. சாட்சியாக நின்றது குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

தேடத் தொடங்கியபின் எங்கும் கண்ணில் பட்டது. அயோவாவின் அண்டை மாநிலமான மின்னசோட்டாவில் 1947 முதல் 1949 வரை 139 குழந்தைகள் இவ்வாறு பாதிக்கப்பட்டதும் அவர்களில் 14 பேர் இறந்ததும் 1950இல் பதிவாயின. 1951இல் வால்டன் என்பவர் அமெரிக்க மாநிலங்களிலிருந்து திரட்டிய கணக்கில் 278 நோயாளிக் குழந்தைகளும் 39 மரணங்களும் இருந்தன. நீரின் அளவு தெரிந்திருந்தவற்றில் 10 மில்லிகிராமுக்குக் கீழே ஒரு நோயாளியும் இல்லை. இந்த ஒற்றைப் பார்வையே எல்லைக்கோடாக நிலைத்தது. 1962இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று அதனை விதித்தது. இந்தியத் தர நிர்ணயம் இன்றும் அதே 45ஐக் கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50.

4

காம்லி கண்ட கிணறுகள் பழையவை. குழாய் இறக்காமல் கையால் வெட்டப்பட்டவை, மூடி சரியில்லாதவை, மாட்டுத்தொழுவத்துக்கும் குழிக்கழிப்பறைக்கும் பக்கத்தில் இருந்தவை. அன்றைய நைட்ரேட்டின் ஊற்றுக்கண் பெரும்பாலும் சாணமும் மலமும். கிணற்றைத் திருத்தினால் கேடு நீங்கும் என்று நம்ப இடமிருந்தது.

ஆனால் அதே 1945இல் வேறொன்று தொடங்கிக்கொண்டிருந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியாவைச் செய்யும் முறையை 1909இல் பிரிட்ஸ் ஹாபர் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். முதற்போரில் வெடிமருந்துக்கு உதவிய அந்த நுட்பத்தை இரண்டாம் போரில் அமெரிக்கா பெருமளவில் கட்டியெழுப்பியிருந்தது. போர் முடிந்ததும் அந்த ஆலைகளின் அம்மோனியாவும் அம்மோனியம் நைட்ரேட்டும் வயலை நோக்கித் திரும்பின. கிராமத்துக் கிணற்றில் நைட்ரேட் கொல்லும் என்று ஒரு மருத்துவர் அறிவித்த அதே காலத்தில், வரலாறு காணாத அளவில் நைட்ரஜனை மண்ணில் கொட்டும் யுகம் பிறந்தது. இருவேறு இதழ்களில், இருவேறு துறைகளில், ஒன்றையொன்று அறியாமல்.

இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்க்க நாற்பதாண்டுகள் ஆயின. அயோவாவின் வடகிழக்கே கிளேட்டன் மாவட்டத்தில் 'பெரிய ஊற்று' என்ற பொருள்படும் பிக் ஸ்பிரிங் என்ற நீரூற்று இருக்கிறது. அங்கே நிலத்தடி முழுதும் சுண்ணாம்புப் பாறை. பாறையில் பொந்துகளும் பிளவுகளும். மேலே வயலில் பெய்த மழை பாறைக்குள் புகுந்து, சுற்றிலுமுள்ள நூறு சதுரமைல் நிலத்தின் நிலத்தடி நீராகத் திரண்டு, பெரும்பாலும் இந்த ஒரே வாயில் வழியாக வெளியேறுகிறது. ஊற்றடியில் மாநில அரசின் மீன்குஞ்சுப் பண்ணை இருந்ததால் நீரை அளப்பதும் எளிதாயிற்று. 1981 முதல் ஜார்ஜ் ஹால்பெர்க் தலைமையில் நிலவியல் ஆய்வாளர்கள் இங்கே கணக்கெடுத்தார்கள். வயலில் இட்ட உரத்தின் அளவும் ஊற்றில் வந்த நைட்ரேட்டின் அளவும் சேர்ந்தே ஏறியிருந்தன. 1960களோடு ஒப்பிடுகையில் 1980களின் தொடக்கத்தில் நிலத்தடி நீரின் நைட்ரேட் ஏறத்தாழ மும்மடங்கு. களைக்கொல்லியான அட்ரசீன் ஆண்டு முழுவதும் நீரில் தென்பட்டது. அது மண்ணிலேயே சிதைந்துவிடும் என்ற நம்பிக்கை உடைந்தது.

இத்தனை நுண்ணிய அளவில் பூச்சிக்கொல்லியைக் காண முடிந்ததற்குப் பின்னால் ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் அமைத்த எலெக்ட்ரான் கவர்வுக் கருவிக்கும் பங்குண்டு. கருவி கூர்மையாகும்தோறும் நீர் அசுத்தமாகிக்கொண்டே போயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நீரில் முன்பே இருந்ததற்கு இப்போதுதான் கண் கிடைத்தது.

அயோவாவின் வடமத்தியப் பகுதியில் இன்னொரு வகைக் கிணறும் நூற்றுக்கணக்கில் இருந்தது. நீரை எடுப்பதற்காக வெட்டப்பட்டதல்ல அது. தேங்கும் வயல்நீரை வடித்து நேரே நிலத்தடிப் பாறைக்குள் இறக்குவதற்காகத் துளைக்கப்பட்டது. ஒருவர் வயலின் வடிகால் கிணறும் அடுத்தவர் வீட்டின் குடிநீர்க் கிணறும் ஒரே நீர்த்தாங்கியில் வாய் வைத்திருந்தன.

1987இல் அயோவா சட்டமன்றம் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உரத்தின் மீதும் பூச்சிக்கொல்லியின் மீதும் கட்டணம் விதித்து, அப்பணத்தில் ஆராய்ச்சிக்கும் கிராமக் கிணறுகளின் சோதனைக்கும் வழி செய்த சட்டம் அது. வடிகால் கிணறுகளை அடைக்கவும் அது வழிகோலியது. அதன் பின்னே 1988இலும் 1989இலும் மாநிலம் முழுவதும் 686 கிராமக் கிணறுகளை முறைப்படித் தேர்ந்து சோதித்தார்கள். 18 விழுக்காட்டுக் கிணறுகளில் நைட்ரேட் வரம்பைக் கடந்திருந்தது. 50 அடிக்கும் ஆழம் குறைந்த கிணறுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 35 விழுக்காடு. 14 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ இருந்தது.

இதே ஆண்டுகளில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நாடு தழுவிய அளவில் ஏறத்தாழ 1,300 கிணறுகளைச் சோதித்தது. கிராம வீட்டுக் கிணறுகளில் வரம்பைக் கடந்தவை 2.4 விழுக்காடு மட்டுமே என்று 1990இல் அறிவித்தது. இரண்டு கணக்குகளும் சரி. நாட்டின் சராசரி, சோளக்காட்டு நடுவே இருக்கும் வீட்டின் கதையைச் சொல்லாது.

5

சோதித்தாயிற்று. பிறகு?

இந்தக் கேள்வியில்தான் வரலாறு இடறுகிறது. அமெரிக்காவின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் 1974இல் வந்தது. பொதுக் குடிநீர் அமைப்புகள் இன்னின்ன அளவுகளைத் தாண்டக்கூடாது என்று அது கட்டளையிடுகிறது. தனியார் கிணறு அதன் எல்லைக்குள் வராது. உங்கள் கிணறு உங்கள் சொத்து. அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் உங்கள் பாடு. நகரத்தில் குழாயைத் திறப்பவருக்குச் சட்டம் காவல். கிராமத்தில் வாளியை இறக்குபவருக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் ஒரு கடிதமே காவல்.

அக்கடிதத்தில் ஓர் எண் இருக்கும். எண் வரம்பைக் கடந்திருந்தால் குழந்தைக்கு வேறு நீர் கொடுங்கள், காய்ச்சவேண்டாம், கிணற்றை ஆழப்படுத்துங்கள், அல்லது சுத்திகரிப்புக் கருவி பொருத்துங்கள் என்று ஆலோசனை இருக்கும். நைட்ரேட் எந்த வயலிலிருந்து வந்தது என்று இராது. அதைச் சொல்லச் சோதனையால் இயலாது. மண்ணின் வழியே வந்த நைட்ரேட் தன் பூர்வீகத்தை எழுதி வைத்துக்கொண்டு வருவதில்லை. 1971இல் பாரி காமனரும் அவருடைய சகாக்களும், நைட்ரஜனின் ஐசோடோப்புகளைக் கொண்டு, இல்லினாயில் நீர்நிலையொன்றின் நைட்ரேட்டில் கணிசமான பங்கு உரத்திலிருந்து வந்ததென்று எழுதியபோது மண்ணியலாளர்கள் அதன் முறையைக் கடுமையாக மறுத்தார்கள். முறை பின்னர் செம்மையுற்றது. ஆனாலும் இன்னார் வயல் என்று விரல் நீட்டும் அளவுக்கு அது கூர்மையடையவில்லை.

ஆக, கேடு எல்லோரும் சேர்ந்து செய்தது. கடிதம் ஒருவர் பெயருக்கு வருகிறது. பல வீடுகளில் அந்த ஒருவரே உரமிட்டவரும்கூட. உழவரைக் குற்றவாளியாக்கி இந்தக் கதையை எளிதாக முடித்துவிடலாம். நாங்கள் அப்படிக் கருதவில்லை. மூட்டைக்கணக்கில் உரமிட்டால்தான் விளைச்சல் என்று அவருக்குச் சொன்னவர்கள் அவர் கிணற்று நீரைக் குடிக்கவில்லை. குடித்தது அவர் வீட்டுக் குழந்தை.

நகரத்துக்கும் வயலுக்குமான வழக்கு ஒன்று நீதிமன்றம் வரை போயிற்று. அயோவாவின் தலைநகரான டெ மாயின் தன் குடிநீரை ஆறுகளிலிருந்து பெறுகிறது. நீரில் நைட்ரேட் ஏறி ஏறி, அதை நீக்குவதற்கென்றே 1990களின் தொடக்கத்தில் அங்கே பெரும் செலவில் தனி ஆலை கட்டவேண்டியதாயிற்று. 2015இல் நகரின் குடிநீர் அமைப்பு, ஆற்றின் மேற்புறத்து மூன்று மாவட்டங்களின் வயல்வடிகால் நிர்வாகங்கள்மீது வழக்குத் தொடுத்தது. 2017இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. அதே ஆண்டில், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த லியோபோல்ட் மையம் என்ற வேளாண் ஆராய்ச்சி அமைப்புக்கான நிதியையும் சட்டமன்றம் நிறுத்தியது. 2025 ஜூன் மாதத்தில் ஆற்றுநீரில் நைட்ரேட் மிகுந்து ஆலை திணறியபோது, புல்வெளிகளுக்கு நீர் பாய்ச்சுவதே டெ மாயின் வட்டாரத்தில் தடை செய்யப்பட்டது.

6

மறுதரப்பையும் சொல்லாமல் விடுவது முறையன்று. வால்டனின் கணக்கில் பல நீர் மாதிரிகள் குழந்தை நோயுற்றுச் சில மாதங்கள் கழிந்தபின் எடுக்கப்பட்டவை. 1999இல் ஏவரி என்பவர் இந்த நோயின் காரணத்தையே மறுபரிசீலனை செய்தார். குழந்தையின் குடலில் தொற்று ஏற்பட்டு வயிற்றுப்போக்கு உண்டாகும்போது உடம்பே நைட்ரைட்டை உற்பத்தி செய்கிறது. அசுத்தமான கிணற்றில் நைட்ரேட்டோடு கிருமியும் இருந்திருக்கும். ஆகவே நைட்ரேட்டின் மேல் மட்டும் பழி போடுவது தவறு என்பது அவர் வாதம். பிரான்ஸின் லிரோந்தெல் என்ற தந்தையும் மகனும், வரம்பு தேவைக்கு மேல் கடுமையாக இருக்கிறதென்று ஒரு நூலே எழுதினார்கள்.

இந்த வாதங்களை எளிதில் ஒதுக்க இயலாது. அயோவாவின் அந்த 686 கிணறுகளிலும் ஏறத்தாழ பாதியில் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் இருந்தன. கேடு தனியாக வருவதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்திலும் சான்றுகள் சேர்ந்தன. உடம்புக்குள் நைட்ரோசோ சேர்மங்களாக மாறும் சூழலில், உட்கொண்ட நைட்ரேட்டும் நைட்ரைட்டும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியனவாயிருக்கலாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. டென்மார்க்கில் 27 இலட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. இப்போதைய வரம்புக்கு மிகவும் கீழான அளவுகளிலேயே பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கும் குடிநீர் நைட்ரேட்டுக்கும் தொடர்பு தென்படுவதாக அது கூறியது. கைக்குழந்தைக்காக வகுத்த எல்லை, வளர்ந்தவருக்கும் போதுமானதா என்ற கேள்வி இன்று திறந்தே கிடக்கிறது.

7

இனி யாழ்ப்பாணம். அங்கே வற்றாத ஆறில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு உண்டு. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணறே கதி. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், அதன் பொந்துகளில் மழைநீர், கீழிருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. செம்பாட்டு மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை. அயோவாவின் பிக் ஸ்பிரிங்கைப் படிக்கும்போது நிலாவரைக் கிணறு நினைவுக்கு வராமல் போகாது. பாறை ஒரே குணமுடையது: மேலே இட்டதை வடிகட்டாமல் கீழே தரும்.

அந்த மண்ணுக்கென்று பழைய உரமிடும் முறைகள் இருந்தன. ஆட்டுப்பட்டி அடைப்பார்கள், குழை தாழ்ப்பார்கள். துலாவால் இறைத்த காலத்தில் மனித உடம்பின் வலிமையே இறைப்புக்கு எல்லை வகுத்தது. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டம் செழித்தது. அந்தச் செழிப்பில் யூரியாவின் பங்கு பெரிது. சிறிய காணிக்குள் தோட்டம், கிணறு, மலக்குழி மூன்றும் நெருங்கியிருக்கும் அமைப்பும் சேர்ந்துகொண்டது.

1980களில் நடந்த ஆய்வுகள் குடாநாட்டின் பல கிணறுகளில் நைட்ரேட் வரம்பைக் கடந்திருப்பதைக் காட்டின. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிவேதியியலாளர் திசாநாயக்க, வீரசூரியவுடன் இணைந்து 1987இல் வெளியிட்ட கட்டுரையில், இலங்கையின் நீரிலுள்ள நைட்ரேட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கேள்வியை எழுப்பினார். அதற்கு விடை தேடவேண்டிய ஆண்டுகளைப் போர் தின்றுவிட்டது. அயோவாவில் 686 கிணறுகளை வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்த அதே 1988இலும் 1989இலும் யாழ்ப்பாணத்தில் மனிதர்கள் கிணற்றடிக்குப் போய் வருவதே பாடாயிருந்தது. ஒரு சமூகத்தின் நீரைத் தொடர்ந்து அளப்பதற்கு முதல் தேவை அமைதி என்பதை அறிவியல் நூல்கள் எழுதுவதில்லை.

போருக்குப்பின் அளவிடல் மீண்டும் தொடங்கியது. பழைய கேடு இருந்த இடத்திலேயே இருந்தது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் படிந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெடித்தபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். எண்ணெய்க்கு மணம் உண்டு, நீரின்மேல் மினுங்கும். அதனைக் கண்டவர் கோபம் கொள்ள முடியும். நைட்ரேட்டுக்காக யாரும் வீதிக்கு வந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்மேல் கோபம் எப்படித் திரளும்?

இந்தியாவின் நிலையும் வேறன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், நாடெங்கும் சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் நைட்ரேட் 45ஐத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அது மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

8

கிணறு வெட்டுவது பழந்தமிழ் மரபில் அறச்செயல். வெட்டியவர் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். வழிப்போக்கர் குடிப்பதற்கென்றே வெட்டினார்கள். கிணற்றைச் சொத்தாகப் பார்க்கும் கண் பின்னாளில் வந்தது. இந்த வரலாற்றைப் படித்து முடிக்கும்போது பழைய கண்ணே அறிவியலுக்கு நெருக்கமானது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வேலிக்குள் இருப்பது கிணற்றின் வாய் மட்டுமே. அதனடியில் இருக்கும் நீர் பத்து வயல்களின் மழை, நூறு பேரின் உரம், முப்பதாண்டுக் காலத்தின் எச்சம். அதனைச் சோதிக்கும் பொறுப்பை வாளி வைத்திருப்பவரிடம் தள்ளிவிடுவது வசதியான ஏற்பாடு, நியாயமான ஏற்பாடன்று.

அயோவாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் எளிய அறிவு இருந்தது. மண்ணில் எதைக் கொட்டுகிறோமோ அதன் விலையிலிருந்தே அதைத் தேடிப் பார்க்கும் செலவும் வரட்டும் என்றது அது. நம் ஊர்களில் உர மானியத்துக்குப் பெருந்தொகை ஒதுக்கப்படுகிறது. உர மூட்டை போய்ச்சேரும் ஒவ்வொரு ஊரிலும் ஆண்டுக்கொருமுறை, மழைக்குப் பின், கிணறுகளை அளந்து அந்த எண்ணை ஊர்ப் பொதுவிடத்தில் எழுதிவைக்க அதில் ஒரு சிறு துளி போதும். இது தீர்வாகாது என்பதை அறிவோம். எண் தெரிந்த பிறகும் வழக்குகள் தள்ளுபடியாகின்றன, நிதி நிறுத்தப்படுகிறது. ஆனால் எண்ணே இல்லாத ஊரில் வழக்குக்கும் இடமில்லை, கோபத்துக்கும் இடமில்லை.

நாக்கால் அறியக்கூடிய கேடுகளுக்கெல்லாம் நம் முன்னோர் பெயர் வைத்துவிட்டார்கள். நாக்கு அறியாத இந்தக் கேட்டுக்கு ஊர்வழக்கில் இன்னும் ஒரு சொல் பிறக்கவில்லை. கிணற்றடியில் நின்று இரண்டு பெண்கள் 'உங்கள் தண்ணி உவரா' என்று கேட்டுக்கொள்வதுபோல இதையும் இயல்பாகக் கேட்டுக்கொள்ளும் நாள் வரவேண்டும். அதற்குச் சொல் வேண்டும். சொல் பிறக்க, முதலில் யாராவது அளந்து சொல்லவேண்டும்.